மூடி திறந்திருந்த ஒன்பது விநாடி

கஸ்பார் அண்ணாச்சி என்னிடம் கேட்டு வந்தது ஒரே ஒரு பிரிண்ட். சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுகிற அளவில் ஒரு போட்டோ. அதைக் கொடுத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பியிருந்தால் பத்து நிமிட வேலை. நான்தான் அனுப்பவில்லை. அன்றைக்கு என் நாக்கில் சனி உட்கார்ந்திருந்தது.

என் பெயர் உலகம்மாள். பாளையங்கோட்டையில் அரசுப் படக் காப்பகத்தில் கண்ணாடித் தட்டுப் பிரிவு என் பொறுப்பு. பிலிம் சுருள் பரவுவதற்கு முன்னால் போட்டோக்காரர்கள் கண்ணாடித் தட்டில்தான் படம் எடுத்தார்கள். ஒரு பக்கம் வெள்ளி உப்புப் பூசிய கண்ணாடி. வெளிச்சம் பட்ட இடம் கறுக்கும். ஸ்டுடியோக்கள் மூடியபோது பாதித் தட்டுகளைச் சோடா போட்டுத் தேய்த்துக் கழுவி, சாமி படங்களுக்குக் கண்ணாடியாக விற்றுவிட்டார்கள். நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. யார் யார் கல்யாணமோ, யார் வீட்டுப் பிள்ளையோ, இப்போது முருகனுக்கும் மாதாவுக்கும் முன்னால் வெறும் கண்ணாடியாகத் தொங்குகிறார்கள். மிச்சத்தை நாங்கள் பரண் பரணாக ஏறிச் சேகரித்தோம். நாற்பத்திரண்டாயிரம் தட்டுகள். புதுக் காரின் மேல் சாய்ந்து நிற்கும் உப்பள முதலாளி, ராஜா வேஷத்தோடு பீடி பிடிக்கும் நாடகக்காரர், ஒரே பட்டுப்புடவையை மாற்றி மாற்றிக் கட்டிக்கொண்டு தனித்தனியாகப் படம் எடுத்துக்கொண்ட ஐந்து அக்கா தங்கைகள். என்னிடம் இல்லாதது இல்லை. அந்தத் திமிரும் எனக்கு உண்டு.

கஸ்பார் அண்ணாச்சி ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரைக்கு வந்தார். எழுபத்தைந்து வயது. தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். கையில் ஒரு ஜவுளிக்கடைப் பை. அதிலிருந்து மரச்சட்டம் போட்ட ஒரு போட்டோவை எடுத்து மேஜையில் வைத்தார். போட்டோ என்று சொல்ல அதில் ஒன்றும் இல்லை. தண்ணீர் புகுந்து, ஊறி, காய்ந்து, அட்டையில் பழுப்புத் திட்டாக ஒட்டியிருந்தது.

“எங்கம்மா, மேடம்,” என்றார். “போன மழையில வீட்டுக்குள்ள இடுப்பளவு தண்ணி. டிவி போச்சு, கட்டில் போச்சு, அதெல்லாம் போட்டும்னு விட்டுட்டேன். இத மட்டும் விட முடியல. பின்னால ஸ்டுடியோ சீல் இருக்கு, பாருங்க. அந்திரேயா ஸ்டுடியோ. அவங்க தட்டெல்லாம் ஒங்ககிட்டதான் இருக்குன்னு சொன்னாவ.”

“என்ன வருசம் எடுத்தது அண்ணாச்சி?”

“தெரியாது. நான் அம்மா மடியில இருக்கேன். பேரு தெக்லா. நான் சின்னப் பிள்ளையா இருக்கும்போதே காய்ச்சல்ல போயிட்டா. எனக்கு அவ மொகமே ஞாபகம் இல்ல, இந்தப் படம்தான் எனக்கு அம்மா.” அந்தப் பழுப்புத் திட்டை விரலால் தடவினார். “எல்லாரும் போட்டோவுல கேமராவத்தான் பாப்பாவ. எங்கம்மா மட்டும் தலையக் குனிஞ்சு என்னையப் பாக்கா. எழுபது வருசமா என்னையவே பாத்துக்கிட்டு இருந்தா, மேடம். இப்பம் செவரு மொட்டையா கெடக்கு. வீட்டுல இருக்க முடியல.”

அவர் குரல் உடைந்தது. ஒரு பெரிய உடம்புக்காரர் கூச்சமில்லாமல் என் மேஜைக்கு முன்னால் அழுதார். எனக்கு மனசு கேட்கவில்லை. டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டு அந்திரேயா ஸ்டுடியோவின் பதிவேடுகளை எடுத்துப் போட்டேன்.

தெக்லா என்ற பெயர் இருந்ததால் தேட அதிக நேரமாகவில்லை. 1958 ஏப்ரல். தட்டு எண் 3117. ‘தெக்லா, பத்து மாதக் குழந்தையுடன். வீட்டில், காலை 7. மூடி 9 செ. டச்சிங்: கண். பி.பா.’

நான் படித்தது எல்லாவற்றையும். நின்றது ஒரே இடத்தில். மூடி ஒன்பது செகண்டு.

அலமாரியிலிருந்து தட்டை எடுத்து விளக்குப் பெட்டிமேல் வைத்தேன். தெக்லா என்கிற தாய் கல்லில் செதுக்கியதுபோலத் தெளிவாக இருந்தாள். புடவை மடிப்பின் ஒவ்வொரு கோடும் தெரிந்தது. மடியில் இருந்த பிள்ளையின் முகம்தான் ஆட்டத்தில் கலங்கிப் போயிருந்தது. பின்னால் ஒரு கறுப்புக் கம்பளியைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். லென்சு வைத்து எட்டிப் பார்த்தால், தாயின் கண்மணிகள் இரண்டும் கத்தியால் சுரண்டப்பட்டிருந்தன. அது எனக்குப் பழகிய வேலை. படம் எடுக்கும்போது யாராவது கண்ணை மூடிவிட்டால், டச்சிங்காரர் தட்டில் அந்த இடத்து வெள்ளியை ஊசிக் கத்தியால் சுரண்டிக் கண்ணைத் திறந்துவிடுவார். அதுபோல ஆயிரம் பார்த்திருக்கிறேன்.

“அண்ணாச்சி,” என்றேன். “வெறும் பிரிண்ட் எதுக்கு? ஒங்கம்மா அசையறதப் பாக்க வேண்டாமா?”

அவருக்கு விளங்கவில்லை. பக்கத்து அறையிலிருந்து ஷாகுல் பாயைக் கூப்பிட்டேன். மேலப்பாளையத்துக்காரர், எங்கள் காப்பகத்து இன்ஜினியர். பிரிப்பான் என்று நாங்கள் கூப்பிடுகிற இயந்திரத்துக்கு அவர்தான் தாயும் தகப்பனும். விளக்கிச் சொல்வதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

“அந்தக் காலத்துக் கேமராவுல பட்டன் கெடையாது அண்ணாச்சி, மூடிதான்,” என்று அவர் ஆரம்பித்தார். “மூடியக் கழட்டி, எண்ணி, திரும்ப மூடுவாங்க. வெளிச்சம் கம்மியான வீடுன்னா ரொம்ப நேரம் தொறந்து வைக்கணும். அப்பம் போட்டோங்கிறது ஒரு நொடி இல்ல. மூடி தொறந்திருந்த நேரம் பூரா விழுந்த வெளிச்சம், ஒண்ணு மேல ஒண்ணா.”

“சரி.”

“பானையில மழைத்தண்ணி நெறஞ்சு கெடந்தா, எந்தச் சொட்டு மொதல்ல விழுந்துச்சுன்னு சொல்ல முடியாது. ஆனா வெள்ளியில சொல்லலாம். மொதல்ல கறுத்த துகளுக்கும் கடைசியில கறுத்த துகளுக்கும் மயிரிழை வித்தியாசம் உண்டு. இந்த மெஷின் ஒவ்வொரு துகளா சுட்டுப் பாத்து வரிசையா அடுக்கிரும். அடுக்கினா, ஒங்கம்மா ஒம்பது செகண்டு அசையறது தெரியும். சத்தம் வராது, படம் மட்டும்தான்.”

“சுட்டுன்னா?”

“படிச்சு முடிச்சா தட்டுல ஒண்ணும் மிஞ்சாது. சன்னல் கண்ணாடிதான்.”

அண்ணாச்சி திகைத்து என்னைப் பார்த்தார். நான் விடவில்லை. பழைய படத்தின் நகல் கம்ப்யூட்டரில் பத்திரமாக இருக்கிறது, பயப்பட வேண்டாம் என்றேன். சட்டம் ஒன்றுதான் இடைஞ்சல். அதையும் சொன்னேன்.

பிரிப்பான் வந்த முதல் வருஷம் கூட்டம் அலைமோதியது. ஒரு கல்யாணப் படத்தைப் பிரித்தார்கள். மூன்று விநாடிதான். அதில் மாப்பிள்ளையின் கை, மணப்பெண்ணை விட்டுவிட்டு அவள் அக்காளின் கையை இறுக்கிப் பிடிப்பது தெரிந்தது. எப்போதோ செத்துப்போன மூவர்! ஆனால் அது போன் போனாகப் பறந்து, பேரன் பேத்திகள் யாருக்கு யார் பிறந்தது என்று கோர்ட்டுக்குப் போனார்கள். அதற்கப்புறம்தான் சட்டம் வந்தது. நேர் வாரிசு கையெழுத்துப் போட்டால்தான் பிரிக்கலாம். அவர் ஒரே ஒரு தடவை பார்க்கலாம். பிறகு ஐம்பது வருஷத்துக்கு முத்திரை. ஒரு தட்டுக்கு ஒரே ஒரு காகிதப் பிரதிதான் வெளியே போகும். பழைய போட்டோவா, பிரித்ததிலிருந்து ஒரு காட்சியா, எது வேண்டுமோ அது.

“அப்பம் நான் எத எடுக்கட்டும்?” என்று பிள்ளை மாதிரி கேட்டார்.

“பாத்துட்டு முடிவு பண்ணுங்க. ஒங்கம்மா படம் எடுக்கையில கண்ண மூடியிருக்காவ, அண்ணாச்சி. டச்சிங்காரன்தான் தொறந்து வரைஞ்சிருக்கான். ஒம்பது செகண்டுல அவங்க கண்ண நெசமாத் தொறப்பாவ, மூடுவாவ, ஒங்களப் பாத்துச் சிரிப்பாவ. சுரண்டின எடத்துல ரெண்டு கறுப்புப் புள்ளி தெரியும். அதக் கண்டுக்காதிய. இமையோரம் அசையும் பாருங்க, அது போதும்.”

நான் இதைச் சொன்னேன். என் வாயால் சொன்னேன். சொல்லும்போது என் மனசில் இருந்தது அந்த மனிதர் அல்ல. எங்கள் காப்பகத்தில் இதுவரை பிரித்ததில் நீளமானது நான்கரை விநாடி. இது ஒன்பது. இப்படியொரு தட்டு என் அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறது, அதைத் திறக்கும் சாவி ஒரு ஜவுளிப் பையோடு என் முன்னால் டீ குடித்துக்கொண்டிருக்கிறது. எனக்கு அதுதான் தெரிந்தது.

விண்ணப்பம் எழுத உட்கார்ந்தோம். படத்தோடு தொடர்புடைய மற்ற குடும்பத்தார் யார் என்று ஒரு கட்டம் இருக்கும்.

“யாரும் இல்ல,” என்றார். “அப்பா, அம்மாவோட தங்கச்சியக் கெட்டிக்கிட்டாரு. பிலோமினா. அவளுக்குப் பிள்ள பெறக்கல. செத்து நாப்பது வருசத்துக்கு மேல ஆச்சு.”

“சித்திதான் ஒங்கள வளத்தாங்களா?”

“வளத்தா.” அந்த ஒரு சொல்லை எச்சில் மாதிரித் துப்பினார். “அம்மா செத்த எடம் காயறதுக்குள்ள வந்து உக்காந்துகிட்டவ. நான் அவள சித்தின்னுகூடக் கூப்பிட்டதில்ல. இந்தான்னுதான் கூப்பிடுவேன். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டா அடிப்பா. அடிச்சுட்டு, ‘ஒங்கம்மா ஒன்னையவேதான் பாத்துக்கிட்டு இருக்கா, போயி அவகிட்டச் சொல்லு’ம்பா. நான் படத்துக்கு முன்னால நின்னு அழுவேன். எங்கம்மா இருந்தா இப்பிடி அடிப்பாளான்னு கேப்பேன். அடுப்படியில நின்னு கேட்டுக்கிட்டேதான் இருப்பா. ஒண்ணும் சொல்ல மாட்டா.”

“அவங்க போட்டோ ஏதும் இருக்கா? பக்கத்துல வச்சுப் பாக்க ஒதவும்.”

“அவளுக்கா? கெடையவே கெடையாது. கேமராவக் கண்டாலே ஓடிருவா. செத்தப்ப கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்க மொகம் இல்ல, சிலுவையப் போட்டு அடிச்சோம். நான் குழி வரைக்கும் போனேன். மண்ணு அள்ளிப் போடல.”

இதைச் சொல்லிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார், என்னவோ செய்த சாதனைபோல. எனக்குச் சுருக்கென்றது. ஆனால் ஊரான் வீட்டுக் கதை நமக்கெதற்கு என்று கையெழுத்தை வாங்கிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை என்று நேரம் குறித்தோம். வியாழக்கிழமை ஷாகுல் பாய் தட்டை ஏற்றி அளவு பார்த்துக்கொண்டிருந்தவர், என்னைக் கூப்பிட்டார்.

“யக்கா, ஒரு சந்தேகம். ஒம்பது செகண்டு. பிள்ள இப்பிடி ஆட்டம் போட்டிருக்கான். அவன மடியில வச்சிருக்க தாயி ஒரு மயிரிழைகூட அசையல. மூச்சு விட்டாலே முந்தானை மங்கலாகணுமே?”

“தல ஆடாம பிடிக்கப் பின்னால இரும்புக் கவட்டை வச்சிருப்பான் பாய். தெரியாதா ஒமக்கு?”

“வீட்டுக்கு வந்து எடுத்திருக்கான்னு எழுதியிருக்கு. கவட்டையச் சொமந்துகிட்டா வந்தான்?”

“வண்டியில ஏத்திட்டு வந்திருப்பான்! ஒமக்கு எல்லாத்துலயும் ஒரு நொட்டை. அந்தக் காலத்துப் பொம்பளைங்க மூச்சப் பிடின்னா பிடிச்சுக்கிட்டு இருப்பாங்க. நாளைக்கு அந்த மனுசன் வாராரு, வேலையப் பாரும்.”

அவர் தலையை ஆட்டிக்கொண்டு திரும்பிவிட்டார். முப்பது வருஷமாகத் தட்டு பார்க்கிறவள் நான். என்னிடம் யாரும் வாதாடுவதில்லை. செத்தவர்களை எடுத்த தட்டுகளுக்கென்றே தனி அலமாரி வைத்திருக்கிறேன். உயிரோடிருக்கும்போது படம் எடுக்காதவர்களை, அடக்கத்துக்கு முன்னால் நாற்காலியில் சாத்தி, மாலை போட்டு, சுற்றிச் சொந்தங்களை நிறுத்தி எடுப்பார்கள். மாலையைப் பார்த்தே நான் பிரித்து அடுக்கிவிடுவேன். இதில் மாலை இல்லை. அதனால் எனக்குத் தோன்றவே இல்லை.

வெள்ளிக்கிழமை அண்ணாச்சி சலவைச் சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரிக்கொண்டு வந்தார். பெண் பார்க்கப் போகிறவர் மாதிரி இருந்தார். சட்டைப்பையில் ஒரு ஜெபமாலை. “பேத்தி கேட்டா தாத்தா எங்க போறீயன்னு. எங்கம்மாவப் பாக்கப் போறேன்னேன்,” என்று சிரித்தார்.

திரைக்கு முன்னால் இரண்டு நாற்காலி. ஒன்றில் அவர், ஒன்றில் நான். ஷாகுல் பாய் இயந்திரத்துக்குப் பக்கத்தில். இயந்திரம் தட்டை நாற்பது நிமிடம் சுட்டுப் படித்தது. பிறகு திரை வெளிச்சமானது.

தெக்லா உட்கார்ந்திருந்தாள். பிள்ளை மடியில் நெளிந்தான். உருண்டை முகம், மொட்டைத் தலை, கழுத்தில் ஒரு கறுப்புக் கயிறு. “நான்தான், நான்தான்!” என்று அண்ணாச்சி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

பிள்ளை தாயின் முந்தானையைப் பிடித்து இழுத்தான். முகத்தை அவள் மார்பில் வைத்துத் தேய்த்தான். வாய் பால் தேடியது. பிறகு தலையைத் தூக்கி, சின்னக் கையால் அவள் தாடையில் தட்டினான். ஒரு தட்டு. இரண்டு தட்டு. அவள் அசையவில்லை. ஓர் ஈ பறந்து வந்து அவள் கீழுதட்டில் உட்கார்ந்தது. நடந்தது. மேலுதட்டுக்குப் போனது.

எனக்கு அப்போது புரிந்தது. காலை ஏழு மணி. வீட்டுக்கு வந்து. கண் டச்சிங். முப்பது வருஷ அனுபவம் என்று நெஞ்சை நிமிர்த்திய கழுதை நான்.

அண்ணாச்சிக்கு இன்னும் விளங்கவில்லை. “கண்ணு சிமிட்டலயே?” என்று மெதுவாகக் கேட்டார்.

திரையில் பிள்ளை வாயைக் கோணி அழ ஆரம்பித்தான். அப்போது, பின்னால் கட்டியிருந்த கறுப்புக் கம்பளி அசைந்தது. தெக்லாவின் கழுத்துக்குப் பின்னால் மடிப்பு என்று நான் நினைத்திருந்தது ஒரு கை. அந்தக் கை பிடித்த பிடியை விடாமல், கம்பளியின் ஓரத்தை ஒதுக்கிக்கொண்டு ஒரு பெண்பிள்ளை வெளியே வந்தாள். பதினேழு வயதுக்கு மேல் இருக்காது. பாவாடை தாவணி. ஒரு கையால் அக்காள் தலை சாயாமல் தாங்கிக்கொண்டு, மறு கையைப் பிள்ளைக்கு முன்னால் நீட்டி, வளையலைக் குலுக்கினாள். கண்ணிலிருந்து தண்ணீர் தாடை வழியாக ஓடிக்கொண்டிருந்தது. வாய் சிரித்தது. பிள்ளைக்காக வலிந்து வலிந்து சிரித்தது. பிள்ளை அழுகையை நிறுத்தினான். வளையலைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு அவளிடம் தாவினான். அவள் நிமிர்ந்து கேமராப் பக்கம் பார்த்தாள். போட்டோக்காரர் ஏதோ சத்தம் போட்டிருக்க வேண்டும். பயந்துபோய்க் கம்பளிக்குப் பின்னால் ஒளிந்தாள். தெக்லாவின் கழுத்துக்குப் பின்னால் அந்தக் கை மட்டும் இருந்தது.

திரை இருண்டது.

ஷாகுல் பாய் தலைகுனிந்து நின்றார். அண்ணாச்சி இருண்ட திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“செத்துக் கெடக்காளா?”

“ஆமா அண்ணாச்சி.”

“என்னையப் பாக்கலையா?”

இல்லை என்று தலையசைத்தேன்.

“எழுபது வருசம்! ஒரு பிரேதத்த மடியில வச்சு... யாரு மேடம் அந்தக் கண்ண வரைஞ்சது? எந்தப் பாவி? எனக்கு அம்மா பாக்கான்னு ஒரு பொய்ய வரைஞ்சு மாட்டி என்னைய ஏமாத்தினவன் யாரு?” எழுந்துவிட்டார். நாற்காலி கீழே விழுந்தது. “நீங்களும் சொன்னீங்களே, சிரிப்பாவன்னு சொன்னீங்களே, தாயி!”

அடி வாங்கியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. கண் வரைந்தவன் பெயரையாவது கொடுப்போம் என்று ஓடிப்போய்ப் பதிவேட்டை எடுத்து வந்தேன். ‘டச்சிங்: கண். பி.பா.’ பி.பா. என்றால் பின்பக்கம் பார்க்க. டச்சிங் குறிப்பைத் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதுவது அந்திரேயாவின் பழக்கம். எனக்குத் தெரியும். ஒன்பது என்ற எண்ணைப் பார்த்த பரபரப்பில் நான் தாளைத் திருப்பவே இல்லை.

திருப்பினேன். படிக்க ஆரம்பித்த பிறகுதான் என்ன படிக்கிறேன் என்று எனக்கே புரிந்தது. நிறுத்த முடியவில்லை.

‘3117. காலமானவரின் தங்கை பிலோமினா சொன்னபடி: மாலை வேண்டாம். இறந்த படம்போல் இருக்கக் கூடாது. கண் திறந்திருக்க வேண்டும். பார்வை கேமராவில் வேண்டாம், பிள்ளையைப் பார்க்க வேண்டும். பெரியவன் ஆனதும் அவனுக்கு வேண்டும் என்கிறாள். நடுவில் அவளே குறுக்கே வந்துவிட்டாள். வேறு தட்டு கையில் இல்லை. தன் நிழல் ஏதும் விழுந்திருந்தால் அழித்துவிடும்படி அழுகிறாள்.’

அண்ணாச்சி தரையில் உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஷாகுல் பாய் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அதை யாரும் தொடவில்லை.

அண்ணாச்சி நிமிர்ந்து, “இப்பம் அவ தடம் ஏதாவது அதுல இருக்கா, அந்தப் பழைய போட்டோவுல?” என்று கேட்டார்.

ஷாகுல் பாய்தான் சொன்னார். “இருக்காது அண்ணாச்சி. ரெண்டு மூணு செகண்டு வந்து அசைஞ்சிட்டுப் போனா தட்டுல புகை மாதிரிதான் விழும். அதையும் டச்சிங்காரர் பிரிண்டுல மை தடவி மறைச்சிருப்பாரு.”

“அசையாம இருந்தவ படத்துல விழுந்தா,” என்றார் அண்ணாச்சி. “எனக்காக ஓடியாடினவ விழல.”

பிறகு அவர் அழுத அழுகையை நான் எழுதப் போவதில்லை. எழுபத்தைந்து வயது மனிதர் பத்து மாதப் பிள்ளைபோல அழுதார். ‘இந்தா இந்தான்னு கூப்பிட்டேனே’ என்று தலையில் அடித்துக்கொண்டார். ‘ஒரு பிடி மண்ணு போடலையே’ என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அதைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நான் சும்மா இருந்திருந்தால் அவருக்கு அம்மாவின் கண் மிஞ்சியிருக்கும். நான் செய்தது சரியா தப்பா என்று இன்று வரைக்கும் எனக்குத் தெளிவில்லை.

ஆனால் பிரதி கொடுத்தாக வேண்டும். ஒன்றே ஒன்று. அன்றைக்கே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும் என்பது விதி. கேட்கவே எனக்கு நா கூசியது.

“அண்ணாச்சி, பழைய போட்டோவே எடுத்துட்டுப் போங்க,” என்றேன். “ஒங்கம்மா ஒங்களப் பாக்கற படம். அத மாட்டுங்க. இதெல்லாம் மறந்துருங்க.”

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். யோசித்தார். அந்தப் படத்துக்காகத்தான் தூத்துக்குடியிலிருந்து வந்தவர். வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்க முடியவில்லை என்றவர்.

“அவ நிமிந்து பாத்தால்லா,” என்றார். “பயந்துபோயி. அதையே குடுங்க.”

“அதுல இவங்க குறுக்க வந்து ஒங்கம்மா மொகத்த மறைச்சிருக்காவ அண்ணாச்சி. தோளுதான் தெரியும்.”

“தெரியட்டும்.”

ஷாகுல் பாய் அந்தக் காட்சியை எடுத்துக் காகிதத்தில் போட்டுக் கொடுத்தார். நடுவில் பிலோமினா. கண்ணீரும் சிரிப்பும் ஒன்றாகச் சேர்ந்த முகம். ஓரத்தில் தெக்லாவின் தோள். கீழே ஒரு சின்னக் கை, வளையலை எட்டிப் பிடிக்க வந்து கலங்கலாக. அண்ணாச்சி அதைச் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டு போனார். ஜவுளிப்பையும் பழைய சட்டமும் என் மேஜையிலேயே கிடந்தன. மூன்று நாள் கழித்துத்தான் நான் அவற்றை எடுத்து வைத்தேன். சன்னல் கண்ணாடியாகிவிட்ட 3117ஐயும் அதே பெட்டியில் போட்டேன்.

அடுத்த மாதம் இரண்டாவது வாரம் தூத்துக்குடிக்குப் போயிருந்தேன். ஒரு பழைய வீட்டில் தட்டுப் பெட்டி இருப்பதாகத் தகவல். வேலையை முடித்துக்கொண்டு மத்தியானம் பஸ்ஸுக்கு நின்றேன். எதிரே சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் புதிதாக ஒட்டியிருந்தது. பசை இன்னும் காயவில்லை.

பிலோமினா. பதினேழு வயது முகம். கண்ணில் தண்ணீர், உதட்டில் சிரிப்பு. தெக்லாவின் தோளை வெட்டவில்லை. அந்தச் சின்னக் கையையும் வெட்டவில்லை. கீழே எழுதியிருந்தது: ‘எங்கள் அம்மா பிலோமினா. மறைவு 1991. காலம் தாழ்த்தி வருந்தும் மகன் கஸ்பார்.’ தெருவில் அடுத்த சுவரிலும் அதே போஸ்டர். அதற்கடுத்த சுவரிலும். மாதா கோவில் திருப்பம் வரைக்கும் ஒட்டியிருந்தார்.

என் பக்கத்தில் மீன் கூடையோடு ஒரு பெண் நின்றிருந்தாள். எழுத்தில் முதல் வரிக்கு மேல் படித்ததாகத் தெரியவில்லை. முகத்தைத்தான் பார்த்தாள். பார்த்து உச்சுக் கொட்டினாள்.

“பாவம், சின்னப் பிள்ள. அம்மான்னு போட்டிருக்கே, இந்த வயசுல போயிட்டான்னா, அந்தப் பயலுக்கு என்ன வயசிருக்கும்? அவன் எப்பிடிக் கெடந்து அழுவானோ?”

பஸ் திரும்பிக்கொண்டிருந்தது.

“பத்து மாசம்,” என்றேன்.